பெரிய மச்சானின் குடையை எடுக்கப் போன மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் எல்லோரும் என்றால் யார் யார் என்பதே போன மாதத்திலிருந்து குளறுபடியாகிவிட்டபடியால், நானும் உங்கள் தங்கையும் நலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் இருமலும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் குடை கிடைத்துவிட்டது. இந்த ஒரு வரியை எழுதுவதற்கு என் குடும்பம் பட்ட பாட்டைச் சொல்லத்தான் மீதிக் கடிதம்.

நீங்கள் இரவல் கொடுத்த அந்தக் கறுப்புக் குடையை, மகளுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு மழைநாளில், அவள் ஆபீஸ் கட்டடத்து வாசல்கூடத்தில் குடை வைக்கும் கூடையில் போட்டேன். போட்டவன் மறந்து வந்துவிட்டேன். மனிதன் மறப்பது உலக வழக்கம். மறக்காமல் இருப்பது உங்கள் வழக்கம். எந்த விசேஷத்தில் பார்த்தாலும் "வாங்க" என்பதற்கு முன்னால் "குடை என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். கண் ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்தபோது நான்தான் எதிரில் நின்றேன். பார்வை வந்துவிட்டதா என்று டாக்டர் கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்து, "குடை கொண்டாந்தியா?" என்றீர்கள். டாக்டர் பார்வை நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்.

இனி மாப்பிள்ளை விஷயம். நம் மாப்பிள்ளை யாரென்று உங்களுக்குத் தெரியாது. அவர் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, கூட்டில் உப்பில்லை என்று சொன்னவரே நீங்கள்தான். ஆனால் அந்தக் கல்யாணம் இப்போது நடக்கவில்லை. பதறாமல் மேலே படியுங்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் குடையை மறந்த அதே நாள், அதே கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டைமாடி லிஃப்ட் அறையில் இடி விழுந்தது. நம் பெண் உள்ளே இருக்க, லிஃப்ட் கீழே பாய்ந்தது. கீழே வாசல்கூடத்தில் நின்று கேபிளில் கை வைத்திருந்த இவர்மீது அந்த மின்சாரம் மொத்தமும் இறங்கியது. ஜனங்கள் கத்தி முடிப்பதற்குள் லிஃப்டை ஒரு கையால் தலைக்குமேல் தாங்கிப் பிடித்துவிட்டார், இன்னொரு கையில் ஸ்பேனர். உள்ளே இருந்து நம் பெண், "கொஞ்சம் இறக்கி வைக்கறீங்களா?" என்றாளாம். அதுதான் அவர்களுடைய முதல் பேச்சு. அன்றிலிருந்து அவர் பறந்தார், பாலத்தைத் தாங்கினார், தீயை ஊதி அணைத்தார். பத்திரிகைக்காரர்கள் இடிதாங்கி என்று பெயர் வைத்தார்கள். நமக்கு மாப்பிள்ளை.

அவரைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை இருந்தது. மறைக்கவில்லை. சோற்றில் கை வைத்தவர் அப்படியே கிளம்பிப்போவார். திரும்பி வந்தால் உடம்பெல்லாம் புகை நாற்றம். அவர் மேலங்கி ஒன்றைக் காயப்போட்டால் கொடியில் என் கைக்குட்டைக்குக்கூட இடம் இருக்காது. அவசரத்தில் உள்ளே வருகிறேன் என்று தோளால் வாசல் நிலையைப் பெயர்த்துவிட்டார், அதற்கு நான் தினமும் முணுமுணுப்பேன். ஆனால் மச்சான், நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன். நான் விசில் ஊதாமல் ஒரு வண்டி நகராது. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் என் விசிலுக்கு அசைய ஒரு சைக்கிள்கூட இல்லை. அது இந்த மாப்பிள்ளைக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஊர் பற்றி எரிந்தாலும் வாசலில் ஒரு நிமிடம் நின்று, "மாமா, போகலாமா?" என்பார். நான் ஊதுவேன். அப்புறம்தான் கால் தரையை விட்டு எழும்பும். ஓய்வு பெற்ற பிறகு என் விசிலுக்குக் கிளம்பிய ஒரே வண்டி அவர்தான்.

போன மாதம் உங்கள் கடிதம் வந்தது. நலம் விசாரிப்பு ஒரு வரி, குடை ஒன்றரைப் பக்கம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த மாப்பிள்ளை, வாயெல்லாம் பல்லாக, "இதுக்கா மாமா கவலைப்படறீங்க? நான் போய் எடுத்துட்டு வரேன்" என்றார்.

"எங்கேயிருந்து? அது தொலைஞ்சு வருஷக்கணக்காச்சு."

"தொலைஞ்ச அன்னிக்கே போய் எடுத்தா?"

அப்போதுதான் சொன்னார், இடி விழுந்த அந்த ஒரு நாளுக்கு மட்டும் தன்னால் பின்னோக்கிப் போக முடியும் என்று. இத்தனை நாளும் சொல்லவில்லை, நம் குடும்பத்தைப் பற்றித் தெரிந்து வைத்திருந்திருக்கிறார். அங்கே ஓடும் கடிகாரமும் இங்கே ஓடும் கடிகாரமும் ஒன்றுதானாம். திரும்பி வர, பழகிய சத்தம் ஒன்று கூப்பிட வேண்டுமாம்.

"குடையை எடுத்துக்கிட்டுப் படிக்கட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறேன். இடி விழணும், லிஃப்ட் விழணும், சின்ன வயசு நான் அதைப் பிடிக்கணும். எல்லாம் நாலு மணிக்குள்ள முடிஞ்சிடும். நாலு அடிச்சதும் விசில் ஊதுங்க. முன்னாடி மட்டும் ஊதிடாதீங்க மாமா. சத்தம் கேட்டா நான் நிக்க முடியாது, வெட்டவெளிக்கு ஓடி வந்து பறந்தே ஆகணும்."

"யார்கிட்ட நேரத்தைப் பத்திப் பேசறீங்க?" என்றேன் நான்.

ஊதுகிறவனுக்கு மட்டும் ஒன்றும் மாறாது என்றும் சொன்னார். டிப்போவில் வண்டிகள்தான் வரும் போகும், டைம் கீப்பர் அறை நின்ற இடத்தில் நிற்கும். அதனால்தான் எனக்கு மட்டும் எல்லாம் நினைவிருக்கிறது.

கைக்கடிகாரத்தில் நாலு ஆனதும் ஊதினேன். நுரையீரல் முழுவதையும் காலி செய்து ஊதினேன். ஊதி முடித்த பிறகுதான் நினைவு வந்தது. டிப்போவில் சேர்ந்த நாளிலிருந்து என் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடும். அப்படி வைத்தால்தான் டிரைவர்கள் டீக்கடையிலிருந்து எழுந்து வருவார்கள். என் சர்வீஸில் ஒரு வண்டிகூடத் தாமதமானதில்லை என்று மேடையில் சால்வை போட்டார்களே, அதன் ரகசியம் இதுதான்.

மாப்பிள்ளை குடையோடு முற்றத்தில் வந்து விழுந்தார். "மாமா, சீக்கிரம் ஊதிட்டீங்க! குடையோட வாசல்கூடத்துல ஓடினேன். சின்ன வயசு நான் என்னைப் பார்த்துட்டான். தன் மூஞ்சியோட ஒருத்தன் குடை திருடறானேன்னு வேலையைப் போட்டுட்டுத் தெருவுக்குத் துரத்திட்டு வந்துட்டான். அப்ப கேபிளை யாரு..." சொல்லி முடிப்பதற்குள் மேலங்கி மங்கிக்கொண்டே போய்க் காக்கிச் சட்டையானது. கையில் டூல் பை வந்தது. குடையை என்னிடம் நீட்டிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"சார், லிஃப்ட் எங்க ரிப்பேர்?"

"இது மாடியே இல்லாத வீடு மாப்பிள்ளை."

"அப்ப எதுக்கு சார் கூப்பிட்டீங்க?" என்று சலித்துக்கொண்டே போய்விட்டார்.

சார்! மச்சான், அந்த ஒரு வார்த்தை என்னை உட்கார வைத்துவிட்டது. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரில் கல்யாணப் படம் இல்லை. அந்த இடத்தில் பத்திரிகைத் துண்டு ஒன்று கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. இடி விழுந்தபோது கேபிளைப் பிடிக்க யாரும் இல்லாததால் மின்சாரம் நேராக லிஃப்டுக்குள் இறங்கியிருக்கிறது. லிஃப்டைத் தானே நிறுத்தி, கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே பறந்து வந்திருக்கிறாள் நம் பெண். அவள்தான் இப்போது இடிதாங்கி. உங்கள் தங்கையிடம் மாப்பிள்ளை எங்கே என்றேன். "நம்ம பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆச்சு?" என்று கேட்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கஞ்சி போட்டுக் கொடுத்தாள்.

மகளுக்காகப் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் கிளம்பும்போது ஆசையாக விசிலை எடுத்தேன். "அப்பா, நான் என்ன பஸ்ஸா?" என்று சொல்லிக்கொண்டே மேகத்துக்குள் போய்விட்டாள். வாசல் நிலை துளி விரிசல் இல்லாமல் நிற்கிறது. நான் தினமும் திட்டிக்கொண்டிருந்த அந்த உடைந்த நிலை எனக்கு வேண்டும் மச்சான்.

அழுதுகொண்டிருந்தால் வண்டி வந்துவிடுமா? யோசித்து ஒரு திட்டம் போட்டேன். அதே கட்டடத்துக்குப் போய், அதே லிஃப்டில் ஏறி, இரண்டு மாடிக்கு நடுவில் சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்தினேன். அப்பா மாட்டிக்கொண்டால் மகள் பறந்து வருவாள். லிஃப்ட் மாட்டிக்கொண்டால் மெக்கானிக் வருவார். நேரமாகலாம் என்று பிஸ்கட் பாக்கெட் ஒன்றும் கொண்டுபோயிருந்தேன். மகள் முந்திக்கொண்டாள். கதவை அப்பளம் மாதிரி பிய்த்து எறிந்தாள். பின்னாலேயே மூச்சிரைக்க வந்த மெக்கானிக் தரையில் கிடந்த கதவைப் பார்த்தார்.

"ஏங்க, இதுக்குச் சாவி இருக்குங்க."

"எங்கப்பா உள்ள உயிருக்குப் போராடறாரு!"

"உங்கப்பா உள்ள பிஸ்கட் சாப்பிடறாரு."

இடிதாங்கியை ஊரில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் யாருன்னு தெரியுமா?" என்றாள். "தெரியும். என் கதவை உடைச்சவங்க" என்றார் அவர். எனக்கு உள்ளே குளிர்ந்தது. நம் வீட்டுப் பெண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? சண்டை போட ஆள் கிடைத்தால் விடமாட்டாள். மறுநாள் அவளே போய்க் கதவைத் தூக்கிப் பிடித்தாளாம், அவர் திருகு மாட்டினாராம். அதற்கு மறுநாள் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்கப் போனாள். அதற்கும் மறுநாள் என்ன பார்க்கப் போனாள் என்று நான் கேட்கவில்லை.

நேற்று மாலை அவரை டீக்கு அழைத்து வந்தாள். நான் நடந்ததெல்லாம் சொன்னேன். அவர் வாயைப் பிளந்தார். அவளோ, நானே பறக்கிறேன், இதுமட்டும் ஏன் இருக்கக்கூடாது என்றாள். புறப்படும்போது அவர் வாசலில் நின்று டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்த்து, "அப்ப போகலாமா?" என்றார். மகளைத்தான் கேட்டிருப்பார். ஆனால் என் கை தானாகப் பைக்குள் போய்விட்டது. ஊதிவிட்டேன். அவர் ஒரு நொடி திகைத்து, அப்புறம் சிரித்து, "சரி மாமா, வண்டி கிளம்புது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் முகத்தைத் துடைத்துக்கொள்ள உள்ளே வந்துவிட்டேன்.

ஆகவே எல்லாம் கூடி வருகிறது. குடையை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். இனி எந்த விசேஷத்திலும் உங்கள் திருவாயிலிருந்து குடை என்ற சொல் வரக்கூடாது என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். இரவல் கொடுத்ததை இவ்வளவு நாள் ஞாபகம் வைத்துக்கொள்ளும் மனிதருக்கு முழங்கால் வலிக்காமல் வேறு என்ன செய்யும் என்று உங்கள் தங்கையே சொல்கிறாள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். நீங்கள் நீடூழி வாழ்ந்து நனையாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
டைம் கீப்பர் (ஓய்வு)

பின்குறிப்பு: பார்சல் கட்டுமுன் குடையை விரித்துப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க ரோஜாப்பூ. இது யாரோ ஒரு அம்மாளுடையது. அவசரத்தில் மாப்பிள்ளை கூடையிலிருந்து தப்புக் குடையை உருவிவிட்டார். நான் வாயில் அடித்துக்கொண்டதைப் பார்த்து, "இருங்கப்பா, இடி விழுந்த அந்த நாளுக்கு எனக்கும் போகத் தெரியும், நான் போய் மாத்திட்டு வரேன்" என்று மகள் கிளம்பிவிட்டாள். "அந்த லிஃப்ட் பக்கம் நான் பார்த்துக்கறேன்" என்று இன்றும் டீக்கு வந்திருந்த மெக்கானிக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். இந்த முறை நான் ஏமாறவில்லை. கைக்கடிகாரத்தைக் கூடத்துச் சுவர்க்கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சரியாகத் திருத்தி வைத்தேன். நாலு அடித்தது. ஊதினேன்.

ஊதிய பிறகுதான் உங்கள் தங்கை சமையலறையிலிருந்து கேட்டாள், சுவர்க்கடிகாரத்தையும் நீங்கள்தானே ஐந்து நிமிடம் முன்னால் வைத்தீர்கள் என்று.

மச்சான், மேலே உங்களைப் பற்றி எழுதியது அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கல்யாணப் படம் சுவருக்குத் திரும்பிவிட்டது. மகள் ஆபீஸ் பையோடும் மாப்பிள்ளை டூல் பையோடும், வழக்கம்போல் வாக்குவாதம் செய்துகொண்டே, நடந்து, ஆமாம் மச்சான், தரையில் கால் பதித்து நடந்து உள்ளே வந்தார்கள். குடையைத் தேடி அன்று நீங்களே அந்தக் கட்டடத்துக்கு வந்து லிஃப்டில் ஏறினீர்களாமே, சின்ன வயசு மகளும் மாப்பிள்ளையும் தங்கள் மூஞ்சியோடு ஓடிய இருவரைத் துரத்தித் தெருவுக்குப் போய்விட, அந்த இடி மொத்தமும் உங்கள்மேல் இறங்கியதாமே. யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாசல் நிலை மறுபடி பெயர்ந்து கிடக்கிறது, இந்த முறை உங்கள் தோள். இப்போது முற்றத்தில், தரைக்கு ஒரு முழம் மேலே, மேலங்கி படபடக்க, கையில் உங்கள் சொந்தக் கறுப்புக் குடையோடு மிதந்துகொண்டிருக்கிறீர்கள். மேற்கே ஏதோ பாலம் ஆட்டம் காண்கிறதாம்.

"மாமா, பெரிய மாமா அவசரமாக் கிளம்பணுமாம். நீங்க விசில் ஊதினாத்தான் போவாராம்" என்கிறார் மாப்பிள்ளை.

விசில் என் கையில்தான் இருக்கிறது. பாலம் ஐந்து நிமிடம் தாங்கும். அதுவரை மிதக்கட்டும்.