சோப்பில்லாத சேர்

பதுளை மாவட்டம் முழுக்கத் தேடினாலும் சோப்புக்குப் பயந்த ஆம்பிளை ஒருத்தர்தான் கிடைப்பார். எங்கள் ஆய்வுகூடத்தில் அவருக்குப் பெயரே 'சோப்பில்லாத சேர்'. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, வண்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். நான் அங்கே கூட்டித் துடைக்கிற தற்காலிக ஆள்.

தேயிலைக் கொம்பைத் துளைக்கிற வண்டு, வாசம் பிடித்துத்தான் செடிக்கு வருகிறதாம். அதன் உணர்கொம்பில் வாசத்தை வாங்குகிற ஏற்பிகளை மருந்து வைத்து அடைத்துப் பார்ப்பதுதான் சேரின் வேலை.

"பூட்டு ஓட்டையில மெழுகு வச்ச மாதிரிண்ணே. எதை அடைச்சா வண்டு தடுமாறுதோ, அதுலதான் தேயிலைய கண்டுபிடிக்குது" என்பார்.

இரண்டாகப் பிரியும் கண்ணாடிக் குழாயில் ஒரு பக்கம் தேயிலை வாசம், மறுபக்கம் வெறுங்காற்று. வண்டு எந்தப் பக்கம் நடக்கிறது என்று நாள் பூராவும் குனிந்தே கிடப்பார்.

வேறு வாசம் கலந்தால் சோதனை கெட்டுவிடும். அதனால் சோப்பில்லை, எண்ணெயில்லை, பவுடரில்லை. ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் எப்போதும் காலி. நான் கருவாடு சாப்பிட்டு வந்தால் "அண்ணே, வாசல்லயே நில்லுங்க!" என்று அலறுவார். பெண் பார்க்கப் போனவர், பெண் மல்லிகைப்பூ வைத்திருந்ததால் ஆறடி தள்ளி உட்கார்ந்தாராம். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

ஆயுத பூசை வந்தது. அவருடைய ஒப்பந்தம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. முடிவைக் காட்டினால்தான் நீடிப்பு. பாவம், மனுசன் ஜெயிக்கட்டுமே என்று, அவர் இல்லாத நேரம் பார்த்து, குழாய்க்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அறை நிறையச் சாம்பிராணியும் போட்டேன். பொட்டைப் பிறகு துடைத்துவிட்டேன். துடைத்தால் போதும் என்று நினைத்தேன், வேறென்ன!

மறுநாள் மருந்து போட்ட வண்டுகளில் ஒன்றுகூடத் தேயிலைப் பக்கம் போகவில்லை. மருந்து வேலை செய்துவிட்டது என்று சேர் துள்ளிக் குதித்தார். அடுத்து மருந்து போடாத வண்டுகளை விட்டார். நேராகத் தேயிலைக்குப் போக வேண்டிய அதுகளும் நடுவிலேயே குந்திக்கொண்டன. குழாயை மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே... சாம்பிராணியா?"

"உங்களுக்கு நல்லது நடக்கட்டும்னுதான் சேர்..."

அதற்குள் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான பெரிய சேர் வந்துவிட்டார். "யாரு பாத்த வேலை இது?" தற்காலிக ஆள் என்றால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறவர் அவர்.

"நான்தான் சேர்" என்றார் நம்மவர். "சந்தன சோப்பு போட்டுக் குளிச்சிட்டேன்."

ஆய்வுகூடமே வாயைப் பிளந்தது. பெரிய சேரும் நம்பவில்லை. "இருக்கிற ஒரு வாரத்துல முடிங்க. இல்லாட்டி கிளம்புங்க" என்று போய்விட்டார்.

குழாயை நானே வெந்நீரில் கழுவிக் கழுவி வைத்தேன். அந்த வாரம் நானும் சோப்புப் போடவில்லை. என் வீட்டுக்காரி என்னை வாசலில் படுக்க வைத்தாள். கடைசி நாள், மருந்து போடாத வண்டுகள் நேராகத் தேயிலைக்கு நடந்தன. போட்டதுகள் திக்குத் தெரியாமல் சுற்றின. நீடிப்பும் கிடைத்தது.

அடுத்த ஆயுத பூசைக்கு நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. அவரே என்னைத் தேடி வந்தார், கையில் ஒற்றைச் செவ்வரத்தம் பூவோடு.

"இதுக்கு வாசமே இல்லண்ணே, மோந்து பாத்துட்டேன். வாங்க, குழாய்க்கு நீங்களே வைங்க."

வைத்தேன். கண் கலங்கிவிட்டது. சாம்பிராணிப் புகை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.