அலைச் சேரும் கொட்டாஞ்சேனைச் சம்பந்தமும்

பிரபஞ்சத்தின் எந்த மூலையில் இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றினாலும், கொழும்பு வெள்ளவத்தையில் தலை சுற்றுவது எங்களுக்குத்தான். காரணம், எங்கள் மேல்மாடி அலைச் சேர்.

பௌதிகவியல் டியூஷன் எடுத்த வாத்தியார், அதனால் எல்லோருக்கும் 'சேர்'. அலை என்றால் ஜன்னலில் தெரியும் கடல் அலை அல்ல, ஈர்ப்பலை. லிஃப்டில் அகப்பட்டால் போதும், தொடங்கிவிடுவார்.

"கலியாண மண்டபத்துக்கு வெளியில நிண்டு பாரும் தம்பி. ஆர் என்ன கதைக்கினம் எண்டு விளங்காது, ஒரு இரைச்சல் மட்டும் வரும். அப்பிடித்தான் எங்கையோ சுத்துற கருந்துளைச் சோடியளின்ர அலையெல்லாம் கலந்து, இப்பவும் எங்களை ஆட்டிக்கொண்டிருக்கு."

"எனக்கு ஒண்டும் ஆடேல்லையே சேர்?"

"உமக்கு எப்பிடித் தெரியும்? தூரத்து நட்சத்திரங்களின்ர துடிப்பு முந்திப் பிந்தி வாறதை வருசக்கணக்காப் பாத்தெல்லோ கண்டுபிடிச்சவங்கள்!"

எங்கள் ஒழுங்கை கடலோர ரயில் பாதையில் முடியும் சந்து. ரயில் வந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது வழக்கம். சேர் ஒரு படி மேல். எங்கள் காதுக்குச் சத்தம் எட்டுமுன்பே, அதிர்வை உணர்ந்து கையை உயர்த்திக் கண்ணை மூடிவிடுவார்.

அவருடைய ஒரே மகள் விரும்பிய பையனின் வீட்டார் நகரின் மறுமுனை கொட்டாஞ்சேனையிலிருந்து சம்பந்தம் பேச வந்தார்கள். அயலவன் என்று நானும் போயிருந்தேன். அலையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்பது மகளின் கட்டளை. சேர் பாவம், வடையை மென்றபடி இருந்தார்.

பையனின் தாய் கேட்டார்: "அப்ப, உங்களுக்குச் சம்மதம்தானே?"

சேர் கையை உயர்த்தினார். கண்ணை மூடினார்.

கொட்டாஞ்சேனைக்காரருக்கு எங்கள் ரயில் வழக்கம் எங்கே தெரியும்? "பிடிக்காட்டி வாயால சொல்லலாம்தானே!" என்று அந்த அம்மா எழுந்து செருப்பை மாட்டினார். குடும்பமே பின்னால் இறங்கியது. தடுப்பதற்கு மகளும் நானும் வாயெடுத்த நேரம் ரயில் வந்துவிட்டது. பழக்கதோஷம், இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

ரயில் போனது. சேர் கண்ணைத் திறந்து, "ஓம், முழுச் சம்மதம்" என்றார், எதிரே ஆளில்லாத கதிரைகளிடம்.

"அப்பா, அவை போயிட்டினம்!" மகள் அழுதேவிட்டாள்.

சேர் வெறுங்காலோடு ஓடினார். கீழே அவர்கள் ஓட்டோவில் ஏறும்போது எதிர்ப்பக்க ரயில் வந்தது. சேர் நிற்கவில்லை. "சம்மதம்! என்ர பிள்ளை சந்தோசமா இருந்தாக் காணும்! நான்தான் பயித்தியம் பிடிச்ச விசரன், அவள் அப்பிடியில்லை!" என்று ரயிலுக்கு மேலால் கத்தினார். ஒழுங்கையே ஜன்னலுக்கு வந்துவிட்டது. அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மகள் இப்போது கலியாணமாகிக் கொட்டாஞ்சேனையில். சேர் மாலையில் என் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணீர் ஆறும்வரை கருந்துளை கதைக்கிறார். பாதி எனக்கு இன்னும் விளங்குவதில்லை. ஆனால் ஒரு நாள் அவர் வராவிட்டால், நானே மேலே போய்க் கதவைத் தட்டி, "சேர், அந்த அலை இப்ப எப்பிடி?" என்று கேட்கிறேன்.