பத்துக்கு இரண்டு வாங்கிய பாட்டில்

மதிப்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

தங்கள் ஒரே தங்கையின் ஒரே கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், தங்கள் தங்கை நலம், சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கிய விளக்கு மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் தாங்கள் அனுப்பிய பாட்டில். தாங்கள் நல்ல உடல்நலத்தோடும், இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்கும் பொறுமையோடும் இருக்க வேண்டுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனை நான் எடுத்தால் தங்கள் தங்கை பிடுங்கிக்கொள்கிறாள், அவள் எடுத்தால் அழுதுவிடுகிறாள், இரண்டுக்கும் நடுவில் மாமா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். "அம்மா இல்லாத வீட்டுக்குள்ள எப்படி வர்றதுன்னே தெரியல" என்று போன தடவை சொன்னீர்களே, அதுவும் அவர் காதில் விழுந்தது. பக்கத்தைத் திருப்பினார், அவ்வளவுதான். "அப்பா எப்படி இருக்கார், நெஜத்தச் சொல்லுங்க" என்று நீங்கள் கேட்டபோது "ஜோரா இருக்கார்" என்று நான் புளுகியதும் அவர் எதிரில் இருந்ததால்தான்.

நிஜத்தை இப்போது சொல்கிறேன். அத்தை போனதிலிருந்து மாமா எதைக் கொடுத்தாலும் "நல்லா இருக்கு" என்கிறார். இதன் பயங்கரம் வெளியாளுக்குப் புரியாது, உங்களுக்குப் புரியும். தேயிலைக் கம்பெனியில் ஆயுசு முழுக்க ருசி பார்த்து மார்க் போட்டவர். ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டுக் குறை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கியவர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். அத்தை வைத்த எதற்கும் ஆறுக்கு மேல் போட்டதில்லை. "அப்ப நீங்களே வெச்சுக் குடிங்க" என்று அத்தை டம்ளரைப் பிடுங்க, இவர் விடாமல் இழுக்க, வீடே கலகலவென்று இருக்கும். நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து போட்ட முதல் தேநீருக்கு அரை மார்க் கொடுத்தார். அந்த அரையும் டம்ளரைக் கழுவியிருந்ததற்காம். அப்படிப்பட்டவர், போன மாதம் நான் கைதவறிச் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்ட தேநீரை முழுசாகக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார். அடுப்படிக்குள் போய் நான் வாய்விட்டு அழுதேன் மச்சான். லிப்ட் ரிப்பேர்க்காரன் நான். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்டுகளை எத்தனையோ கிளப்பிவிட்டிருக்கிறேன். இவரை எந்தப் பட்டனை அமுக்கிக் கிளப்புவது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தது தங்கள் பார்சல். உள்ளே துண்டுச்சீட்டு: "பெல்ஜியம் நாட்டுக் கறுப்பு பீர். ஏல் என்று சொல்ல வேண்டும். சாதாரண பீரைவிட இரண்டு மடங்கு காட்டம். நான் பத்துக்கு ஒன்பதரை போட்டிருக்கிறேன். அப்பா என்ன போடுகிறார் என்று கேட்டு எழுதவும்." தங்கள் தங்கைக்கு முதலில் சுர்ரென்று கோபம் வந்தது. "இவனுக்குப் புத்தி கித்தி இருக்கா? அப்பாவுக்குப் போய் பீர அனுப்பறான்!" என்று குதித்தாள். அப்புறம் கொஞ்சம் யோசித்தாள். "ஏங்க, இதுக்காவது ஏதாவது குத்தம் சொல்வாராங்க?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் நாங்கள் இருவரும் குடிகாரர்கள் கட்சியில் சேர்ந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமாவை மேசைக்கு அழைத்தோம். பாட்டில் வாயில் தக்கை, தக்கைக்கு மேலே கம்பியில் ஒரு வாய்ப்பூட்டு. "ரொம்ப ஜில்லென்று வேண்டாம், குலுக்கவே கூடாது, அடியில் வண்டல் இருக்கும்" என்று நீங்கள் எழுதியிருந்தது சீட்டின் பின்பக்கம். நான் முன்பக்கத்தை மட்டும் படித்த மேதாவி. மருந்து பாட்டிலைக் குலுக்குவதுபோல நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் கம்பியை அவிழ்த்தேன். தக்கையைத் திறக்கும் வேலையை அது எனக்கு வைக்கவில்லை. விளக்கு உடைந்தது. நுரை என் சட்டை, மேசைவிரிப்பு, தங்கள் தங்கையின் தலை என்று ஒருவரையும் விடாமல் குசலம் விசாரித்துவிட்டு வந்தது. மாமா அசையவில்லை. ஆனால் மூக்கைச் சுளித்தார். அந்தச் சுளிப்பைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? தங்கள் தங்கை சந்தோஷத்தில் என் தொடையைக் கிள்ளியதில் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது.

பாட்டிலில் பாதி மிஞ்சியிருந்தது. டம்ளரில் ஊற்றப் போனேன். "டம்ளர் வேணாம். என் கிண்ணத்த எடும்மா" என்றார். கம்பெனியில் ருசி பார்க்கிற வெள்ளைப் பீங்கான் கிண்ணம். அலமாரியின் மேல்தட்டில், அத்தை துணி சுற்றி வைத்தபடியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாஷ்பேசின் பக்கத்தில் போய் நின்றார். சாய்த்து நிறம் பார்த்தார். "கறுப்புன்னு யார் சொன்னது? செங்கறுப்பு" என்றார். மோந்தார். பிறகு உறிஞ்சினார் பாருங்கள் ஒரு உறிஞ்சு, மேல்வீட்டுத் தையல்காரர் குழாய் உடைந்துவிட்டதோ என்று படியில் பாதி இறங்கி வந்துவிட்டார். அவர் திரும்பிப் போவதற்குள் மாமா துப்பியும்விட்டார். உங்கள் ஒன்பதரை மார்க் சாக்கடையோடு போயிற்று மச்சான்.

"உலர்ந்த திராட்சை இருக்கு. அத்திப்பழம் இருக்கு. கிராம்பத் தூரத்துலேந்து காட்டிட்டு எடுத்துட்டான்" என்றார். மறுபடி மோந்தார். "சர்க்கரை லேசாத் தீஞ்சிருக்கு மாப்பிள்ளை. உங்க அத்தை யார்கூடவாவது பேசிட்டே அடுப்ப மறந்துடுவா இல்ல, அப்ப வர்ற வாசம்" என்றார். அத்தையைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான். தங்கள் தங்கை தலையைத் துவட்டுகிற சாக்கில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் தரையைத் துடைக்கிற சாக்கில் மேசைக்கு அடியில் போய்விட்டேன். எனக்கும் அத்தையை ரொம்பத் தேடியது.

அதோடு விட்டிருந்தால் உங்களுக்கு ஆறு மார்க்காவது தேறியிருக்கும். மாமா நிமிர்ந்து, "பால் கொண்டாம்மா" என்றார்.

"மாமா, இது பீர்..." என்று மேசைக்கு அடியிலிருந்து இழுத்தேன்.

"எந்தச் சரக்கா இருந்தா என்ன மாப்பிள்ளை? பால் ஊத்திப் பாக்காம மார்க் போட்டா அது பரீட்சையா?"

அவர் தொழிலில் அப்படித்தானாம். வெறுமனே ஒரு வாய், பால் ஊற்றி ஒரு வாய். ஊற்றினார். ஏலும் பாலும் ஒன்றை ஒன்று பார்த்த மாத்திரத்தில் ஒத்துவராது என்று முடிவெடுத்து, கிண்ணத்துக்குள்ளேயே திரிந்து பிரிந்தன. அதையும் உறிஞ்சினார்! துப்பிவிட்டுக் கிண்ணத்தை டக்கென்று வைத்தார். "பால் தாங்கல. பத்துக்கு ரெண்டு. இதுக்கு ஒன்பதரை போட்டவன் நாக்க டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

நானும் உங்கள் தங்கையும் கைகுலுக்கிக்கொண்டோம். மறுநாள் காலையில் தேநீரை நீட்டினேன். ஒரு வாய் குடித்தார். "என்ன மாப்பிள்ளை, லிப்டுக்குப் போடற கிரீஸக் கலக்கிட்டீங்களா?" என்றார். எனக்கு ஆனந்தத்தில் தலைகால் புரியவில்லை. உள்ளேயிருந்து உங்கள் தங்கை, "அப்ப நீங்களே வெச்சுக் குடிங்க!" என்று கத்தினாள். அச்சு அசல் அத்தை குரல். மாமா திடுக்கிட்டு நிமிர்ந்தார். நான் டம்ளரை வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை, இழுத்துக்கொண்டார்.

ஆகவே மச்சான், தாங்கள் அனுப்பிய பாட்டில் படுதோல்வி அடைந்தது என்பதை மட்டற்ற மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். இந்த ஏலை இனி அனுப்ப வேண்டாம். இதைவிட மோசமாக ஏதாவது கிடைத்தால் அனுப்பவும். நேரத்துக்குச் சாப்பிடவும். தங்களுக்கு எங்கள் எல்லாருடைய அன்பும், மாமாவின் ஆசியும், என் தொடை வலியும் உரித்தாகுக.

என்றும் தங்கள் அன்புள்ள,
அரை மார்க் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். மிச்ச ஏலைத் தக்கை போட்டு பிரிட்ஜில் வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் காலி பாட்டில் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. நான் குடிக்கவில்லை, உங்கள் தங்கை குடிக்கவில்லை, பேசினிலும் சுவடில்லை. விசாரிக்கப் போன இடத்தில் மாமா இந்தக் கடிதத்தைக் கையிலிருந்து வாங்கி முழுக்கப் படித்துவிட்டார். "அந்த ரெண்டு மார்க் செல்லாது, அடிச்சுடுங்க. நீங்க குலுக்கினதுல வண்டல் கலங்கிப் போச்சு. கலங்கின சரக்குக்கு மார்க் போடக் கூடாது" என்றார். அப்படியானால் இன்னொரு பாட்டில் அனுப்பச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன். கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "பார்சல்ல வேணாம் மாப்பிள்ளை. வழியில குலுங்கிடும். அவனையே மடியில வெச்சு எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

எப்போது வருகிறீர்கள் மச்சான்? பால் வாங்கி வைக்க வேண்டும்.