ஆரோக்கியநாதனின் எலுமிச்சைத் தண்ணீர்

கெமிக்கல் என்ற பேயை வீட்டைவிட்டு விரட்டியே தீருவது என்று ஆரோக்கியநாதன் முடிவெடுத்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க் அவர். எதை முடிவெடுத்தாலும் சுற்றறிக்கை மாதிரி வாசிப்பார்.

"ஜாய்ஸ், இனிமே இந்த வீட்டுல பினாயில் கிடையாது. ஆசிட் கிடையாது. பிளீச்சிங் பவுடர் கிடையாது."

"பாத்ரூமாச்சும் இருக்குமாங்க?" என்றாள் மனைவி, வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே. ஜாய்ஸ் அதே பள்ளியில் ஒண்ணாப்பு டீச்சர். சிலேட்டை உடைத்தது யார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பவள்.

"என் எலுமிச்சைத் தண்ணி இருக்கு. அது போதும்."

மாடிப்படிக்கு அடியில் மூன்று மாதமாக ஒரு கேன் ஊறிக்கொண்டிருந்தது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோலை மூட்டையாகக் கட்டி வந்து, வெல்லமும் தண்ணீரும் சேர்த்து அவரே நொதிக்க வைத்தது. தினமும் காலையில் மூடியைத் திறந்து காற்றை வெளியே விடுவார். கேன் ஏப்பம் விடும். பெற்ற பிள்ளை ஏப்பம் விட்டதுபோல அவருக்கு மனசு நிறைந்துபோகும்.

"சரி, அடுத்த ஞாயிறு நம்ம வீட்டுல அன்பியக் கூட்டம், ஞாபகம் இருக்கா?" என்றாள் ஜாய்ஸ்.

அன்பியம் என்றால் தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது. ஜெபம் முடிந்து டீ வருவதற்குள் அந்த வீட்டின் மூலை முடுக்கெல்லாம் எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும். போன மாதக் கூட்டத்தில்தான் ஆரோக்கியநாதன் எழுந்து நின்று, இயற்கையைப் பற்றி அரைமணி நேரம் பேசி, "எங்க வீட்டுக்கு வாங்க, பாருங்க" என்று எல்லோரையும் சவாலுக்கு இழுத்திருந்தார். ஃபாதரே தலையாட்டியிருந்தார்.

"அப்ப இப்பிடிச் செய்வோம்," என்றாள் ஜாய்ஸ். "முன்பக்க பாத்ரூம நான் ஆசிட் போட்டுக் கழுவுறேன். பின்பக்கத்த நீங்க எலுமிச்சைத் தண்ணியப் போட்டுக் கழுவுங்க. எது பளிச்சுண்டு இருக்கோ அதுதான் இனிமே இந்த வீட்டுல."

"நான் தோத்தா?"

"ஆசிட்டுதான். அதப்பத்தி நீங்க வாயத் தொறக்கக் கூடாது. அம்புட்டுதான்."

அதுவரை அந்த வீட்டில் பிரஷ் பிடித்த கை ஜாய்ஸின் கை மட்டும்தான். ஆரோக்கியநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

போர்வெல் தண்ணீரின் உப்புக்கறை, ஆசிட்டுக்குப் போவதும் திரும்பி வருவதுமாகப் பதினைந்து வருடம் அந்த டைல்ஸில் குடியிருந்தது. ஊற்றினார், தேய்த்தார். உட்கார்ந்து தேய்த்தார், முட்டி போட்டுத் தேய்த்தார். பாத்ரூம் முழுக்க ஊறுகாய் ஜாடி மணம் வந்தது. கறையோ, குளித்துவிட்டு வந்ததுபோல முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஆனது. இடுப்பு போனது, கறை போகவில்லை. ஃபாதர் முகம் கண்முன்னே வந்தது. தெருவில் இனி எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது என்று யோசித்தார்.

சனிக்கிழமை ஜாய்ஸ் மாதா கோயிலுக்குப் போன நேரம், பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கடைக்காரர் கருத்தக்கண்ணன் முன்னால் நின்று, குரலை மாற்றி, "ஆசிட் ஒரு பாட்டில்" என்றார்.

"ஹெல்மெட்டக் கழட்டுங்கண்ணே, வேர்க்குது. ஜாய்ஸ் டீச்சர் நல்லா இருக்காங்களா?"

ஆரோக்கியநாதனுக்கு நிஜமாகவே வேர்த்தது. "தம்பி, நான் வந்தத அவகிட்ட சொல்லிறாத."

"சத்தியமா சொல்லமாட்டேண்ணே."

அரைமணி நேரத்தில் டைல்ஸ் கண்ணைப் பறித்தது. காலி பாட்டிலை நாலு தெரு தள்ளி மாநகராட்சித் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, பெட்ரூமில் தலைகுனிந்து ஃபாதரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் மாதிரி ஏதோ முணுமுணுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் கூட்டம் நேரே பின்பக்கம் போனது.

"ஆத்தாடி, முகம் பாக்கலாம் போலருக்கே," என்றாள் பக்கத்து வீட்டு பாக்கியமேரி. பிறகு எல்லோரும் முன்பக்கம் வந்தார்கள். அங்கே உப்புக்கறை அப்படியே இருந்தது.

"நான் எம்புட்டோ பாத்தேன், போகல," என்று ஜாய்ஸ் கையை விரித்தாள். "அவரு ஜெயிச்சிட்டாரு ஃபாதர்."

"அண்ணே, எங்க வீட்டுக்கும் அந்தத் தண்ணி ஒரு பாட்டில் குடுங்கண்ணே," என்றாள் பாக்கியமேரி. ஆரோக்கியநாதன் ஜாய்ஸைப் பார்த்தார்.

"விசயம் தண்ணியில இல்லக்கா, அவரு கைப்பக்குவத்துல இருக்கு," என்று ஜாய்ஸ்தான் கை கொடுத்தாள். "எனக்கெல்லாம் அது வராது. அதான் இனிமே ரெண்டு பாத்ரூமும் அவருதான் கழுவுறதுண்டு முடிவாயிருச்சு."

எல்லோரும் கை தட்டினார்கள். "மத்த ஆம்பளைகளுக்கும் நல்ல முன்மாதிரி," என்று ஃபாதர் தோளில் தட்டினார். உண்மையைச் சொன்னால் அந்த நிமிடமே தப்பித்துவிடலாம். ஆரோக்கியநாதன் வாயைத் திறந்தார். ஃபாதரைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஜாய்ஸ், முன்பக்கத்துல நீ ஆசிட் போடவே இல்லையா?"

"போட்டாத்தான போகும்."

"கருத்தக்கண்ணன் சொல்லிட்டானா?"

"பாவம், அவரு ஒண்ணுமே சொல்லலங்க. நேத்து டைல்ஸப் பாத்துட்டு, எங்க வீட்டுக்காரர் வந்தாராண்டு நாந்தான் போன்ல கேட்டேன். 'அதச் சொல்லக் கூடாதுண்டு சத்தியம் வாங்கிருக்காரு டீச்சர்'ண்டாரு."

சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்து ஒரு பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். உள்ளே புது பிரஷ் ஒன்றும், ஆசிட் பாட்டில் இரண்டும் இருந்தன.

"இந்தாங்க உங்க எலுமிச்சைத் தண்ணி. வாராவாரம் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு நீங்க அலைய வேணாம்."