மஸ்கட் அண்ணனுக்கு விட்ட இடம்

அருப்புக்கோட்டையில் ஆளின் முகத்துக்கு முன்னால் அகலத்தைக் கவனிக்கிற ஒரே பெண்மணி எங்கள் டேப் அக்காதான். கழுத்தில் தாலி தெரியுமோ தெரியாதோ, அளவு டேப் தெரியும். லைன் வீட்டில் எனக்குப் பக்கத்து வீடு. நான் கல்யாணமாகிக் குடிபோன அன்று அக்கா வீட்டை எட்டிப் பார்த்தேன். மேலும் கீழும் பார்த்தவர், "ஒனக்கு ஒன்றரை அடி போதும் தங்கச்சி. அந்த மூலைல ஒக்காரு" என்றார். இப்போது எனக்கு மதுரையில் விசாலமான வீடு. எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

அக்காவுக்கு ஆரி வேலை. கல்யாணப்பெண்ணின் பிளவுஸ் துணியை மரச்சட்டத்தில் விறைப்பாகக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் வைத்துத் தைப்பது. வீடோ ஒற்றை அறை. அதற்குள் பட்டறை போட அக்கா செய்த அட்டகாசம் இருக்கிறதே! பீரோவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, அதன் முதுகில் நூல்கண்டுகளைத் தொங்கவிட்டார். அதிலிருந்து சேலை எடுக்க வேண்டுமென்றால் காம்பவுண்டில் குடியிருக்கிற அத்தனை பேரும் போய்த் தள்ள வேண்டும். அஞ்சறைப்பெட்டியில் மணிகள் குடியேறின. கடுகும் மிளகும் டீத்தூள் டப்பாவில் ஒண்டிக்கொண்டன. ஒரு நாள் ரசத்தில் என் பல்லில் ஏதோ கடிபட்டது.

"துப்பிராத, கைல குடு! அந்தக் கலரு கடைல கெடைக்கமாட்டேங்குது."

இத்தனை நெருக்கடியிலும் சுவரோரம் ஓர் ஆள் படுக்கிற இடம் சும்மாவே கிடந்தது. நான்கு பக்கமும் சாக்பீஸ் கோடு. மஸ்கட்டில் வேலை பார்க்கும் அக்கா வீட்டுக்காரரின் இடம் அது. அங்கே ஒரு செம்பை வைத்தாலும் அக்காவுக்குப் பொறுக்காது.

"அண்ணன் வர நாளாகும்லக்கா?"

"ஆகட்டும். வாரவுக எங்க படுப்பாக, ஓன் தலைமேலயா?"

ஒரு நாள் ஹவுஸ் ஓனரம்மா தன் மகளின் கல்யாணச் சேலையோடு வந்தார். சேலை முழுக்க வேலைப்பாடு. நீளச் சட்டம் போட்டால்தான் ஆகும்.

"அந்த எடம் சும்மாத்தான கெடக்கு, ஏத்தா?"

"சும்மா இல்ல, ஆளிருக்கு" என்றார் அக்கா.

ஆனால் ஓனரம்மாவைப் பகைக்க முடியுமா? பாதிச் சட்டம் வீட்டுக்குள், மீதி வாசல் தாண்டி முடுக்கில் என்று நாலு ஸ்டூலில் நிறுத்திவிட்டார். குழாயடிக்கு அந்த ஒரே சந்துதான் வழி. கல்யாணச் சேலையை யாரும் தாண்டக்கூடாது என்று வேறு உத்தரவு. எல்லோரும் குடத்தை முன்னால் உருட்டிவிட்டுப் பின்னால் தவழ்ந்தோம். ஓனரம்மாவே தவழ்ந்தார். அவர் கொண்டை சட்டத்தில் சிக்கியபோது நான் தவழ்ந்து வெளியே வந்து ஆசைதீரச் சிரித்தேன். இல்லாத மனுசனுக்கு இவ்வளவு இடமா என்று முனகவும் செய்தேன்.

எங்கள் ஊரில் மழை என்பது பெரும்பாலும் டிவியில் பார்க்கிற சமாச்சாரம். ஒரு மதியம் அது நேரிலேயே வந்துவிட்டது. சேலை நனைந்தால் சாயம் இறங்கிவிடும். முகூர்த்தம் வேறு நெருங்கிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். உள்ளே வந்தால் சட்டம் அந்த இடத்தைத் தவிர வேறெங்கும் அடங்காது. அக்கா கோட்டோரம் அப்படியே நின்றுவிட்டார். நான் வாசலில் நனைந்துகொண்டிருந்தேன்.

"எறக்குக்கா! சேல போயிரும்!"

இறக்கினார். சேலை தப்பித்தது. அக்கா தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

"அதான் நனையலையேக்கா?"

"அவுகள இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லிட்டாகளாம் கம்பெனில. நேத்து போன்ல சொன்னாக. இந்த எடத்தயும் நான் விட்டுட்டா, அவுக இல்லாததே பழகிப் போயிருமோன்னு பயமாருக்கு தங்கச்சி."

இத்தனை நாள் முனகியதற்கு என்னையே கிள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது.

மழை விட்டதும் அக்காவே எழுந்து, "ஒரு கை புடி" என்றார். சட்டம் மறுபடி முடுக்குக்குப் போனது. ஈரத்தைத் துடைத்து, காயவிட்டு, கோட்டைப் புதிதாகப் போட்டார். முன்னைவிடச் சற்று வெளியே தள்ளி விழுந்தது.

"என்னக்கா, அகலம் கூடிருச்சு?"

"வீடியோ கால்ல பாத்தேன்" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். "அவுக கொஞ்சம் சதை போட்டுருக்காக."

நான் காலை மடக்கிக்கொண்டு, அண்ணனுக்கு நன்றாக இடம்விட்டு உட்கார்ந்தேன்.