அப்பா மியூட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமை

இறந்துபோனவர்களின் குரலை எல்லாரும் கல்யாண வீடியோவிலோ செல்போனிலோ பத்திரமாக வைத்திருப்பார்கள். என் அப்பாவின் குரல் ஒரு பிரவுசரின் பிழைப் பட்டியலில் இருக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து கேட்கலாம். திறந்ததும் காதில் விழும் முதல் வாக்கியம், "பையனுக்கு நெத்தி ரொம்ப ஏறிக்கெடக்கே" என்பது.

அதைக் கொண்டுபோய் அங்கே போட்டவள் நான்தான். (கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துத்தான் செய்தேன். அந்த வயதில் நான் செய்த எல்லாவற்றையும் அப்படி நினைத்துத்தான் செய்தேன்.)

அப்போது எனக்குக் கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்கிற ஒரு கம்பெனியில் பில் போடுகிற வேலை. குடத்துக்கு பில் போட மூளை வேண்டியதில்லை என்பதால், மிச்சமிருந்த மூளையைத் தானமாகக் கொடுத்துவந்தேன். இணையத்தைப் பார்க்கிற பிரவுசருக்கு அடிக்கடி புதுப் பதிப்பு வரும் இல்லையா, அதை ஊருக்கெல்லாம் விடுவதற்கு முன்னால் எங்களைப் போன்ற தன்னார்வலர்களிடம் கொடுப்பார்கள். நாங்கள் அதை வைத்து வழக்கம்போல எல்லா வேலையும் பார்ப்போம். எங்காவது இடித்தால் எழுதி அனுப்புவோம். பந்திக்குப் போகும் முன்னால் ரசத்தை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்க்கிற ஆள் மாதிரி. சம்பளம் கிடையாது.

மதுரை ஆனையூரில் எங்கள் வீட்டில் இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்பா ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூட மணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "குத்தம் கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு கம்பெனி ஆள் தேடுதா? உங்கம்மாவச் சேத்து விட்ருக்கலாமே பாப்பா" என்றார். அடுப்படியிலிருந்து ஒரு கரண்டி விழுகிற சத்தம் கேட்டது.

எங்கள் சோதனை வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் பிழையைப் பார்த்தேன் என்று சொன்னால் மட்டும் போதாது. இன்னொருத்தரின் கணினியிலும் அது வரவேண்டும். அப்போதுதான் அதற்கு மதிப்பு. தமிழ்நாட்டுத் தன்னார்வலர்கள் நாங்கள் சிலபேர் போனில் பேசிக்கொள்வோம். "எனக்கு வந்துருச்சு, உங்களுக்கு வந்துச்சா?" "எனக்கு வரல." "மறுபடி வரவழைச்சுப் பாருங்க." இதை அப்பா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டார். அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில், "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு எது வந்தாலும் அதை நீரே துரத்தும்" என்று உருக்கமாக வேண்டினார். அடுத்த நாள் சபைப் போதகரையே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். அவரை உட்காரவைத்துப் பிழையென்றால் என்ன, வரவழைப்பதென்றால் என்ன என்று நான் விளக்கவேண்டியதாகிவிட்டது. போதகர் காபி குடித்துவிட்டு, தன் செல்போனில் வேதாகமம் திறக்கமாட்டேன் என்கிறது, அதைக் கொஞ்சம் பார் என்றார்.

அதிலிருந்து அந்த வார்த்தை அப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று. நான் வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, "என்ன பாப்பா, இன்னைக்கு எதுவும் வந்துருச்சா?" என்பார். கரண்ட் போய்த் திரும்பினால் பக்கத்து வீட்டுக்காரரிடம் மதில் மேல் எட்டி, "அண்ணே, எனக்கு வந்துருச்சு, உங்களுக்கு வந்துச்சா?" என்பார்.

ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில்தான் அந்த வரன் வந்தது. மாப்பிள்ளை பிரபு, கோயம்புத்தூர். நேரில் பெண் பார்க்க வழியில்லாததால் ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் ஆராதனை முடிந்து மதியம் வீடியோ காலில் பார்ப்பதாக ஏற்பாடு.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இன்னைக்கு ஒருநாள் அந்தச் சோதனைக் கழுதைய விட்டுட்டு, எல்லாரும் பாக்குறதுலயே பாரேன்." நான் கேட்கவில்லை. முந்தின நாள்தான் புதுப் பதிப்பு வந்திருந்தது, அதில் முகம் பளிச்சென்று தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். (பளிச்சென்று தெரியவேண்டியது என் முகம் என்பதால் நியாயம் என் பக்கம் இருந்தது.) போதாததற்கு, திரையில் நடப்பதையெல்லாம் பதிவுசெய்யும் வசதியையும் தட்டி ஓடவிட்டேன். பிழை என்பது விருந்தாளிக்கு முன்னால் பாட மறுக்கும் குழந்தை மாதிரி, ஆள் பார்க்கும்போது வராது. வருகிறபோது பிடித்துக்கொள்ளவேண்டும்.

நாலைந்து பாமாலைப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைத்தோம். திரையில் பிரபுவும் அவருடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். "ஸ்தோத்திரமுங்க" என்றார் அந்த அம்மா. எங்கள் அம்மா பழக்கதோஷத்தில் கேசரித் தட்டை எடுத்து கேமராவுக்கு நேரே நீட்டி, "எடுத்துக்கிருங்க" என்றாள். பிரபுவின் அப்பா, "போதுங்க" என்று கையைக் காட்டினார். பிரபு மட்டும் கையை நீட்டித் திரையிலிருந்து ஒரு வாய் கிள்ளி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "சர்க்கரை சரியா இருக்குதுங்க" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதற்குமுன் பார்த்துவிட்டுப் போன யாரையும் நான் மறுநாள் நினைத்ததில்லை. இவரை அந்த நிமிஷமே நினைக்க ஆரம்பித்துவிட்டேன், எதிரில் இருக்கும்போதே. இந்த வரன் முடிந்துவிடவேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

கொஞ்சநேரம் பேசியபிறகு, "நாங்க ஒரு நிமிஷம் கலந்துக்கிறோங்க" என்று அவர்கள் தங்கள் சத்தத்தை நிறுத்தினார்கள். நானும் எங்கள் பக்கத்து மியூட்டைத் தட்டினேன். மைக்கின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது.

"அமுக்கிட்டியா?" என்றார் அப்பா.

"அமுக்கியாச்சுப்பா. ஒன்னும் கேக்காது. தாராளமா பேசுங்க."

அப்பா தாராளமாகப் பேசினார். "பையனுக்கு நெத்தி ரொம்ப ஏறிக்கெடக்கே. இப்பவே உச்சியத் தொட்டுருச்சு, கல்யாணத்துக்குள்ள பிடரியில போயி நிக்கும்போல. அந்தம்மா நல்ல மாதிரியாத்தான் தெரியிறாக. ஆனா அந்த மனுஷன் பாவம், ‘சரிங்க’, ‘போதுங்க’ தவிர வேற பேச்சே இல்ல. அவரக் கல்யாணத்தன்னைக்கே மியூட்டுல போட்டுருப்பாக."

திரையில் பிரபுவின் கை மெதுவாக எழுந்து நெற்றியில் போய் நின்றது.

ஏதோ தற்செயல் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன். பேசுகிறவர் கட்டத்தைச் சுற்றி வருகிற பச்சைக் கோடு எங்கள் கட்டத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மைக்கின் மேல் சிவப்புக் கோடும் அப்படியே இருந்தது. மியூட் என்று காட்டிவிட்டு மியூட் ஆகாத பிரவுசர். இப்படி ஒரு பிழையை எங்கள் கூட்டத்தில் யாரும் பிடித்ததில்லை. அப்பா பக்கத்தில் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், என் காதில் ஏறவில்லை. எழுந்து நின்று, "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கத்தினேன்.

கோயம்புத்தூரில் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனார். பிரபுவின் அப்பா வாயசைத்தார் (‘சரிங்க’ என்றுதான் இருக்கும்). கால் கட்டானது.

"என்ன பாப்பா வந்துருச்சு?" என்றார் அப்பா ஆவலோடு.

"நீங்க பேசுனது அம்புட்டும் அவங்களுக்குக் கேட்டுருச்சுப்பா."

அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா கேசரித் தட்டை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் எந்தப் பதிப்பாலும் சரிசெய்ய முடியாது.

அன்று சாயங்காலம் பிழையை எழுதி அனுப்புவதற்காகப் பதிவைப் போட்டுக் கேட்டேன். (வரன் போனாலும் பிழையாவது மிஞ்சட்டும் என்கிற கணக்கு.) அப்போதுதான், நான் கத்துவதற்கு முன்னால் அப்பா கடைசியாகப் பேசியது காதில் விழுந்தது. "பாப்பாவுக்குப் பையனப் புடிச்சிருக்கு, மூஞ்சியிலயே தெரியுது. முடிச்சிருவோம். இவளக் கட்டிக்குடுத்துட்டு, சாயங்காலமானா நான் யார்ட்டப் போயி ‘வந்துருச்சா’ன்னு கேக்கப்போறேன்னுதான் தெரியல."

வெளியே வந்தேன். அப்பா வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் என்னென்னவோ சொல்லவேண்டும் போலிருந்தது. "காபி போடவாப்பா?" என்று கேட்டேன். "போடு" என்றார், அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக மெதுவாக.

அதற்குப்பிறகு அவர் எல்லாரிடமும் கிசுகிசுவென்றே பேசினார். பால்காரர் பயந்துபோய், "சாருக்கு உடம்புக்கு என்னக்கா?" என்று அம்மாவிடம் விசாரித்தார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் பில் போட்டுக்கொண்டே போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கேசரியைக் கிள்ளிய அந்தக் கை கண்ணிலேயே நின்றது.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் பிரபுவுக்கு நானே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எனக்குத் தெரிந்தது பிழையை எழுதி அனுப்புகிற முறைதானே? "எதிர்பார்த்தது: மியூட் ஆகவேண்டும், உங்கள் வீட்டில் சம்மதம் கிடைக்கவேண்டும். நடந்தது: இரண்டும் இல்லை. ஆதாரம் கீழே." கீழே, பதிவில் அப்பா பேசிய இடத்தை மட்டும் வெட்டி நான் போட்டிருந்த பிழைப் பக்கத்தின் முகவரி. இப்படி ஒரு காதல் கடிதத்தை மதுரையில் வேறு எந்தப் பெண்ணும் எழுதியிருக்கமாட்டாள்.

அந்தப் பக்கத்தில் இதற்குள் ஊர் ஊராக ஆட்கள் முயன்று பார்த்து "எனக்கு வரவில்லை" என்று எழுதியிருந்தார்கள். தமிழ் தெரியாத யாரோ ஒருவர், பதிவில் கேட்பது பிரார்த்தனையா என்று விசாரித்திருந்தார். எங்கள் திருநெல்வேலித் தன்னார்வலர், "எனக்கும் வரவில்லை. நெற்றி விஷயத்தில் அப்பா சொல்வது சரி" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. பிழைப் பக்கத்துக்குத்தான் வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதியிருந்தார்: "எனக்கு வந்துருச்சுங்க. மறுமுனையில் இருந்தவன் நான். எல்லாம் தெளிவாகக் கேட்டது, கடைசியில் அவர் சொன்னதும். எங்கள் அக்காவைக் கட்டிக்கொடுத்த வருஷம் எங்கள் அப்பாவும் இதையேதான் சொன்னார் என்று அம்மா எழுந்துபோய் அழுதார். கேட்கிறது என்று உடனே சொல்லாமல் உட்கார்ந்திருந்தது எங்கள் பிழை. அந்த வெட்கத்தில்தான் கூப்பிடவில்லை. நெற்றி பற்றிய தகவல் உண்மை."

அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நெத்தி சரியாத்தான் சொல்லிருக்கேன்" என்றார். தெருமுனை வரை கேட்டது.

பிறகு பிரவுசர்க்காரர்கள், இன்னொருமுறை வரவழைத்துக் காட்டுங்கள் என்றார்கள். அதனால் ஞாயிறுதோறும் பிரபுவும் நானும் பேசவேண்டியிருந்தது. (சோதனைக்காகத்தான்.) மியூட்டைத் தட்டிவிட்டு, "அப்பா, அன்னைக்கு மாதிரியே பேசுங்க" என்பேன். அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, "கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே, மாப்பிள்ளையின் நெற்றியானது" என்று சபையில் வேதபாடம் வாசிப்பதுபோல ஆரம்பிப்பார். பிழை வரவேயில்லை. கல்யாணத் தேதி வந்தது. பிழையை மூடிவிட்டார்கள். பிழைப் பக்கத்தில் காரணம் போட்டிருந்தது: ‘திரும்ப வரவழைக்க முடியவில்லை’.

"அதெப்படி வரலன்னு எழுதலாம்? நான்தானே பேசுனேன்" என்று அப்பாவுக்கு அதில் ரொம்ப நாள் வருத்தம்.

அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. எங்கள் கல்யாண வீடியோவில் அவர் வாயையே திறக்கவில்லை. எந்த மூலையில் எந்த மைக் இருக்கிறதோ என்று வாயை இறுக்கிக்கொண்டு, சிரித்தபடியே மூன்று மணிநேரமும் நிற்கிறார். போனில் அவர் பேசியதை நாங்கள் யாரும் பதிவுசெய்து வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் அவர் குரல். எனக்கு அவர் குரல் வேண்டியிருக்கிறது. சாயங்காலமானால் ரொம்பவே வேண்டியிருக்கிறது.

குடும்பத்தில் அந்தக் கதை ஓயவில்லை. கோயம்புத்தூரில் என் மாமியார் யாரைப்பற்றியாவது பேச வாயெடுத்தால், கல்யாண மண்டபமாக இருந்தாலும் சரி, முதலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "அமுக்கியாச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிப்பார். மாமனார், "சரிங்க" என்பார். அப்பா சொன்னபடியே பிரபுவின் நெற்றி பிடரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் இன்னும் சோதனை வேலையை விடவில்லை. மூடிய பிழையைத் திறக்க ஒரே வழி, அது இன்னொருமுறை வரவேண்டும். அதனால் ஒவ்வொரு புதுப் பதிப்பு வந்ததும் பிரபுவை அடுத்த அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு வீடியோவில் கூப்பிடுவேன். மியூட்டைத் தட்டிவிட்டு, ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலும் மறுபக்கத்தை மைக்கின் மேலும் வைத்து அப்பாவின் பதிவை ஓடவிடுவேன். முடிந்ததும் பிரபு தலையை ஆட்டி, "வரலைங்க" என்பார்.

போன பதிப்புக்கும் அப்படித்தான் செய்தேன். மியூட் ஒழுங்காகவே வேலை செய்தது, எங்கள் கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு இல்லை. என் காதுக்குள் அப்பா, "பையனுக்கு நெத்தி" என்று தொடங்கினார். திரையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிரபு, மெதுவாகக் கையைத் தூக்கித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"வந்துருச்சுப்பா" என்றேன், மியூட்டில்.