ஸ்துதெனா ஒன்றியத்துக்குத் தகுதி பெற்ற வரலாறு

ஸ்துதெனா நகராட்சியில் குடிநீருக்கு ஒரு துறை உண்டு, சாலைக்கு ஒரு துறை உண்டு. இந்த இரண்டையும் விடப் பெரிய அறையில் ஒன்றியத் தகுதித் துறை என்று ஒன்று இருந்தது. ஐரோப்பிய நாடுகளின் ஒன்றியத்தில் நாடு சேருகிற அன்றைக்கு ஊர் தயாராக இல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காக அதை ஏற்படுத்தியிருந்தார்கள். அதன் தலைவர் ஸாஃபிர். அந்த நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்தபோது அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது.

நாடு இன்னும் சேரவில்லை. அதற்காகச் சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. தெற்கே இருந்த உறுப்பு நாடு, "உன் பெயர் சரியில்லை" என்றது. உடனே நாடு, மக்கெடோனியா என்ற தன் பெயருக்கு முன்னால் 'வட' என்று ஒட்டிக்கொண்டது. பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்கு அந்த வருடம் நல்ல வருமானம். அடுத்து கிழக்கே இருந்த உறுப்பு நாடு, "பெயர் இருக்கட்டும், வரலாறு சரியில்லை" என்றது. அதற்கும் ஒரு குழு போட்டார்கள். ஒன்றியத்தில் இந்த மாதிரி முடிவுகளை எல்லோரும் ஒருமனதாக எடுக்க வேண்டும். உள்ளே ஒருவருக்குத் தலைவலி என்றாலும் வந்தவன் வாசலில்தான் நிற்க வேண்டும்.

வாசலில் நிற்பதில் ஸாஃபிருக்கு வீட்டிலும் ஒரு சங்கடம் இருந்தது. அவர் மனைவி ஸ்பாசெங்காவுக்கு ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவள் இவரையும் கூப்பிட்டாள்.

"நாம எதுக்கு அங்க போகணும்? ஒன்றியமே நம்ம ஊருக்கு வரப்போகுது" என்றார் ஸாஃபிர்.

"எப்ப?"

"ஒன்றியத்தோட அடுத்த அறிக்கையில தேதி போட்டுடுவாங்க."

"போட்டதும் போன் பண்ணு" என்று சொல்லிவிட்டு ஸ்பாசெங்கா பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு வருடா வருடம் இலையுதிர் காலத்தில் வருவாள். முற்றத்தில் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, தோல் உரித்து, நாளெல்லாம் கிளறி அய்வார் என்கிற தொக்கு காய்ச்சுவாள். பாட்டில்களில் பாதியை அலமாரியில் அடுக்கிவிட்டு மீதியோடு திரும்பிப் போவாள். தேதியைப் பற்றிக் கேட்பதை மட்டும் எப்போதோ நிறுத்திவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒன்றியத்திலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். ஆன்னெலீஸ் என்று பெயர். மக்கெடோனிய மொழியைப் பாடப்புத்தகத்தில் படித்தவர் என்பதால் ஒரு எழுத்தைக்கூட விழுங்காமல் பேசினார். மேயர் பிளாகுனும் ஸாஃபிரும் அவரை ஊர்வலமாக அழைத்துப் போனார்கள்.

முதலில் ஐந்து நிறக் குப்பைத் தொட்டிகள். ஐந்தையும் திறந்து பார்த்தார் அம்மையார். ஐந்தும் காலி.

"வியக்கத்தக்க முன்னேற்றம்! கழிவு உற்பத்தி ஏறத்தாழ இல்லை!"

"எங்க ஜனங்களுக்குப் பொறுப்பு ஜாஸ்திங்க" என்றார் மேயர். குப்பை போட ஜனங்கள் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. அம்மையாரும் கேட்கவில்லை.

அடுத்து நகராட்சியிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை போட்டிருந்த சைக்கிள் பாதை. அதில் ஒரு விபத்துகூடப் பதிவாகவில்லை. காற்று சுத்தமாக இருந்தது. மூட வேண்டிய ஆலைகளை எல்லாம் ஏற்கெனவே மூடியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியரை விட மாணவர்கள் கொஞ்சம்தான் அதிகம். இப்படி ஒரு விகிதம் எந்த உறுப்பு நாட்டிலும் கிடையாது என்று அம்மையார் நெகிழ்ந்துபோனார்.

"குற்றச் செயல்கள்?"

"ஒரு திருடன் இருந்தான்" என்றார் ஸாஃபிர். "அவனும் ஆஸ்திரியாவுக்குப் போயிட்டான்."

"சிறப்பு. சட்டம் ஒழுங்கு, முழுத் தகுதி." அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனி எஞ்சியிருப்பது ஒரே ஒரு நிபந்தனை. பொதுமக்கள் கருத்துக் கேட்பு. குறைந்தது நூறு குடிமக்கள் ஓரிடத்தில் கூடி, ஒன்றியத்தில் சேர விருப்பமா என்று தெரிவிக்க வேண்டும். அது முடிந்தால் ஸ்துதெனாவைத்தான் நாட்டுக்கே முன்மாதிரியாகப் பரிந்துரைப்பேன். அதன்பின் தேதி வெகு தூரத்தில் இல்லை."

தேதி என்ற சொல்லைக் கேட்டதும் ஸாஃபிர் அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டார்.

அம்மையாரை ஓட்டலில் விட்டுவிட்டு இருவரும் ஊரைச் சுற்றினார்கள். காபிக் கடையில் நாலு கிழவர்கள். அவர்களில் ஒருவர் பக்கத்து ஊர் வெல்யோவாவிலிருந்து சீட்டாட வந்தவர். சர்ச்சில் பாதிரியார். மருத்துவமனையில் ஒரு டாக்டர், அவரும் ஜெர்மன் பாடம் படித்துக்கொண்டிருந்தார்.

"நூறு பேருக்கு நான் எங்கய்யா போவேன்?" மேயர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஓட்டுப் போட்டவன் எல்லாம் ஷ்டுட்கார்ட்ல கூரை ஓடு மாத்திக்கிட்டிருக்கான்."

"அப்ப கூட்டத்தை அங்க போட்டுடலாம் தலைவரே."

"என்னய்யா சொல்றே?"

"குடிமக்கள் ஓரிடத்தில் கூடணும்னுதானே விதி? எந்த இடம்னு சொல்லலையே."

விதியைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். சொல்லவில்லைதான். அம்மையாரிடம் கேட்டபோது அவர் சற்று யோசித்துவிட்டு, தமக்கும் அங்கே பயணம் சௌகரியம் என்றார். ஆக, ஒன்றியத்தில் சேர விருப்பமா என்று ஸ்துதெனாக்காரர்களைக் கேட்பதற்காக ஸ்துதெனா நகராட்சி ஒன்றியத்துக்கே புறப்பட்டது.

ஷ்டுட்கார்ட்டில் ஏற்பாட்டை எல்லாம் ஸ்பாசெங்காவின் தம்பி மெத்தோதி பார்த்துக்கொண்டான். அவன் அங்கே கூரை வேலைக் கம்பெனி வைத்திருந்தான். ஒரு கால்பந்துக் கிளப்பின் மண்டபத்தைப் பிடித்து, வாசலில் கெபாப் சுட ஆள் போட்டு, மூலையில் ராக்கியா என்கிற பழச்சாராய பாட்டில்களையும் வைத்திருந்தான். மண்டபம் நிரம்பி வழிந்தது. ஸாஃபிர் இத்தனை ஸ்துதெனாக்காரர்களை ஸ்துதெனாவில் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. ஸ்பாசெங்கா முன்வரிசையில் உட்கார்ந்து அவருடைய கோட்டுக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

அம்மையார் எழுந்தார். "பெருமதிப்பிற்குரிய குடிமக்களே! உங்கள் நாடு ஒன்றியத்தில் சேர்வதை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?"

கைதட்டல் வரும் என்று ஸாஃபிர் காத்திருந்தார். வரவில்லை. மெத்தோதி கையில் கெபாப்போடு எழுந்தான்.

"சேர்ந்தா என்னங்க ஆகும்?"

"அங்குள்ள அனைவரும் எந்தத் தடையுமின்றி இங்கே வந்து பணியாற்றலாம்."

"அங்க யாருங்க இருக்கா? எல்லாரும் இங்கதானே இருக்கோம்" என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான்.

"வெல்யோவாக்காரன் இருக்கான்ல!" என்றான் மெத்தோதி.

மண்டபத்தில் சிரிப்பு அடங்கியது.

"அவனுங்க பாதிக் கூலிக்கு ஓடு போடுவானுங்க" என்றான் ஒருவன்.

"வாடகை இப்பவே கழுத்தைப் பிடிக்குது. அவனுங்களும் வந்தா?"

"ஜெர்மன்ல ஒரு வார்த்தை தெரியாது. பஸ்ல சத்தமாப் பேசுவானுங்க. நம்ம பேரைக் கெடுப்பானுங்க."

"டேய், நீங்க எல்லாரும் எப்படிடா வந்தீங்க?" என்று கத்தினார் ஸாஃபிர்.

"அது வேற மச்சான்" என்றான் மெத்தோதி. "நாங்க அப்பவே வந்தவங்க."

கை தூக்கச் சொன்னார்கள். ஆதரவாகத் தூக்கியவர் ஸாஃபிர் ஒருவர்தான். மேயர் சபையைப் பார்த்தார், தன் வாக்காளர்கள் முகத்தைப் பார்த்தார், எதிர்ப்பக்கம் கையைத் தூக்கிவிட்டார். ஸ்பாசெங்கா எந்தப் பக்கமும் தூக்கவில்லை.

ஸாஃபிர் அம்மையாரிடம் ஓடினார். "அம்மா, இதை அவங்க தெரியாம..."

அம்மையாரின் கண்கள் கலங்கியிருந்தன. "திரு. ஸாஃபிர், என் பணிக்காலத்தில் இப்படியொரு காட்சியைக் கண்டதில்லை. உறுப்பு நாடுகளில் நான் எங்கே போனாலும் மக்கள் இதைத்தான் சொல்கிறார்கள், இதே சொற்களில்! உங்கள் மக்கள் மனத்தளவில் முழு உறுப்பினர்களாகிவிட்டார்கள். ஸ்துதெனா முழுத் தகுதி பெற்றது!"

"அப்ப... தேதி?"

"அது எப்படி? மக்களுக்கு விருப்பமில்லையே. மறுபடி கருத்துக் கேட்க வேண்டும். அதுவரை தங்கள் துறை தொடரப் பரிந்துரைக்கிறேன். கூடுதல் நிதியுடன்."

மேயர் ஓடிவந்து ஸாஃபிரைக் கட்டிக்கொண்டார். "ஜெயிச்சுட்டோம்யா! இன்னொரு சைக்கிள் பாதை போட்டுடலாம்!"

ஸாஃபிர் வெளியே வந்து, அணைந்துகொண்டிருந்த கெபாப் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். ஸ்பாசெங்கா வந்து அவர் காலரைச் சரிசெய்தாள்.

"நீயாவது எனக்காகக் கையைத் தூக்கியிருக்கலாம்."

"எதுக்கு?"

"நாடு சேர்ந்தா நீ ஊருக்குத் திரும்பி வருவேன்னு இத்தனை வருஷமா..."

"ஸாஃபிர், நான் உனக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். உன் நாட்டுக்காக இல்லை." கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "வீட்டுல மண்சட்டியில அவரைக்கொட்டை அடுப்புல இருக்கு. இந்நேரம் நல்லா வெந்திருக்கும். வர்றியா, இல்ல அதுக்கும் அறிக்கை வரணுமா?"

மேயர் மறுநாள் தனியாக ஊர் திரும்பினார்.

மெத்தோதியின் கம்பெனியில் ஸாஃபிருக்கு வேலை கிடைத்தது. ஆரம்பத்தில் கூரை மேல் ஏறினால் புகைபோக்கியைக் கட்டிப் பிடித்துக்கொள்வார், பிறகு பழகிவிட்டது. மாலையில் ஸ்பாசெங்காவோடு ஆற்றங்கரையில் நடந்தார். இரவு ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். இதை எல்லாம் அப்போதே செய்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. வாடகையும் எக்கச்சக்கமாகத் தோன்றியது.

அடுத்த கருத்துக் கேட்பு அதே மண்டபத்தில் நடந்தது. துறையின் புதுத் தலைவி ரூஷா, சட்டம் படித்த பெண், கையில் குறிப்புகளோடு வந்திருந்தாள். ஸாஃபிர் முன்வரிசையில் இருப்பதைப் பார்த்து அவளுக்குத் தெம்பு வந்தது. எதிர்ப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்று அம்மையார் சொல்லி முடிப்பதற்குள் முதல் கையாக ஸாஃபிரின் கை உயர்ந்தது.

கூட்டம் கலைந்ததும் ரூஷா அவரைத் தேடி வந்தாள். "ஐயா, அந்தத் துறையை வளர்த்தவரே நீங்கதான். நீங்களே இப்படிச் செய்யலாமா?"

"நானும் அந்த நாற்காலியில இருந்தவன்தாம்மா. உள்ள இருந்து பார்த்தாத்தான் தெரியுது. ஒன்றியத்தோட உள்வாங்கும் திறன்னு ஒண்ணு இருக்கு. அதையும் பார்க்கணும்ல?"

ரூஷா குறிப்புகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள். "உங்க கம்பெனியில... கணக்கு பார்க்க ஆள் கீள் தேவைப்படுமா ஐயா?"

ஸாஃபிர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"திங்கக்கிழமை காலையில வந்துடு, மெத்தோதிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். இரண்டடி நடந்தவர், திரும்பி நின்று விரலை நீட்டி எச்சரித்தார். "நீ மட்டும் வா. உனக்கு அப்புறம் கதவைச் சாத்திடணும். கூட்டம் தாங்காது."